பினாங்கில் வேலை: குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: கோவையில் மின்னணுப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸிலுள்ள ஒரு நிறுவனம் என்னை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அழைத்திருக்கிறது. கணவர் கணக்காளர், மகளுக்கு ஏழு வயது. ஜார்ஜ் டவுனில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு வாழ ஆசை. எல்லோரும் சேர்ந்தே போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் முதல் மூன்று மாதங்கள் நீங்கள் மட்டும் போய் இருங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கணவரின் நிலைதான். உங்கள் வேலை அனுமதியைச் சார்ந்து வரும் வாழ்க்கைத்துணை, அந்த அனுமதியைக் கொண்டே அங்கு வேலை பார்த்துவிட முடியாது. அதற்குத் தனி அனுமதி பெற வேண்டும். அது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இங்குள்ள வேலையை அவர் இப்போதே விட்டுவிட்டால், வெறுமையான பகல்களும் ஒற்றைச் சம்பளமும் வீட்டுக்குள் கசப்பை வளர்க்கும். எனவே அவருடைய அனுமதிக்கு நிறுவனம் உதவுமா என்பதையும், மகளின் பன்னாட்டுப் பள்ளிக் கட்டணத்தில் பங்கு தருமா என்பதையும் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கு அரசின் தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும் வெளிநாட்டுக் குழந்தையைச் சேர்க்கக் கல்வித் துறையின் ஒப்புதல் வேண்டும்.

வரி பற்றியும் ஒரு சொல். மலேசியாவில் ஒரு நாட்காட்டி ஆண்டில் 182 நாள்களுக்குக் குறைவாகத் தங்குபவரின் சம்பளத்துக்குப் பொதுவாக 30 விழுக்காடு வரி பிடிப்பார்கள். அடுத்த ஆண்டும் தொடர்ந்து தங்குவோருக்குச் சில விலக்குகள் உண்டு. ஆகவே ஆண்டின் பிற்பாதியில் சேர்வதானால் கணக்கைத் தெளிவாகக் கேட்டறியுங்கள்.

இனி வீடு. உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. 1786இல் பிரிட்டிஷார் நிறுவிய ஜார்ஜ் டவுனில், 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பழைய பகுதியில், புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய நான்கையும் சில நிமிட நடையில் பார்த்துவிடலாம். அந்தப் பள்ளிவாசலை எழுப்பியவர்கள் தமிழகக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம் வணிகர்கள். தமிழ், ஹொக்கியன் என்னும் சீனமொழி, மலாய் மூன்றும் ஒரே தெருவில் காதில் விழும் இடத்தில் உங்கள் மகள் வளர்வது பெரும் பேறு. இந்தியர் கடைகள் நிறைந்த குட்டி இந்தியா பகுதிக்குள்ளேயே அடங்கிவிடாமல், அலுவலகத்திலும் கடையிலும் பேசும் அளவுக்கு மலாய் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் பாயான் லெப்பாஸ் தீவின் தென்கிழக்கில், நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1970களில் தொடங்கிய தொழிற்பேட்டையை நோக்கிக் காலையில் வண்டிகள் நெருக்கியடிக்கும். ஆகவே மூன்று மாதமும் நகரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, அந்தப் பயணத்தைத் தினமும் செய்து பாருங்கள். அது அலுத்துப்போனால் தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள அடுக்குமாடியே உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது. ஜார்ஜ் டவுனை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய வீட்டையே விரும்பினால், உள்ளே போய் நன்றாகப் பாருங்கள். கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய அங்குள்ள கடைவீடுகள் முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு செல்பவை. வெளிச்சத்துக்காக நடுவில் திறந்த முற்றம் விட்டிருப்பார்கள். நம் முற்றத்து வீடுகளைப் போலவே மழை வீட்டுக்குள்ளேயே விழும். மாடிப் பலகையில் கறையான் அரித்திருக்கிறதா, முற்றத்து வடிகால் அடைத்திருக்கிறதா என்பது வெயில் நாளில் தெரியாது. கனமழை பெய்யும் மாலையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.