ஆயாவின் கண்டாங்கியில் கொள்ளுப்பேரனுக்கு ஒரு வெஸ்ட் கோட்

கேள்வி: என் மகனுக்கு 10 மாதம் ஆகிறது. முதல் பிறந்தநாளுக்குப் பிள்ளையார்பட்டிக்குப் போகிறோம். என் ஆயாவின் (பாட்டியின்) பழைய செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலை ஒன்று பெட்டியில் இருக்கிறது. அதில் வெஸ்ட் கோட் தைத்து, சட்டைக்கு மேல் போட்டு, கீழே வேஷ்டி கட்டிவிட ஆசை. காடாத் துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்தேன். நிற்கவைத்தால் சரியாக இருக்கிறது. உட்கார்ந்தால் பட்டன் தெறிக்கிறது, கைக்குழி அக்குளை அறுக்கிறது. என்ன செய்யலாம்? (தேவகோட்டை வாசகி)

முதலில், காடாவில் தைத்துப் பார்த்தீர்களே, அதற்கு ஒரு சபாஷ். நேராக ஆயா சேலையில் கத்தரி வைத்திருந்தால் இன்று அழுதுகொண்டு எழுதியிருப்பீர்கள்.

உட்கார்ந்தால்தான் தெறிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் நிற்கவைத்தோ படுக்கவைத்தோ அளவெடுத்திருப்பீர்கள். ஒரு வயதுப் பிள்ளைக்கு மார்பை விட வயிறு முன்னால் நிற்கும். உட்கார்ந்தால் இன்னும் தள்ளும். டயப்பர் வேறு. பெரியவர்கள் கோட்டில் இடுப்பை ஒடுக்குகிற டக் இருக்கும். அந்த உருவத்தையே சின்னதாக்கி வெட்டினால் குழந்தைக்கு எப்படிப் பொருந்தும்? இடுப்பை ஒடுக்கவே வேண்டாம். அக்குளில் இருந்து கீழே வரை நேராக, முடிந்தால் கால் அங்குலம் விரிந்தே இறங்கட்டும்.

பிள்ளை சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, டயப்பரோடு, சட்டைக்கு மேலேயே டேப் வையுங்கள். இந்த வயதில் மார்பு சுமார் 18 அங்குலம், உட்கார்ந்த வயிறு 19 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய அளவையே எடுத்து, அதோடு இரண்டரை அங்குலம் லூஸ் சேருங்கள். கோட்டின் சுற்றளவு இருபத்தொன்றரை வரும். கைக்குழி இறக்கம் 5 அங்குலம், தோளில் இருந்து நீளம் ஒன்பதரை, முன்கழுத்து இறக்கம் 4, தோள்பட்டை அகலம் ஒன்றே முக்கால். உங்கள் கைக்குழி நாலு, நாலேகால்தான் இருந்திருக்கும். கைக்குழி சின்னதாக இருந்தால் அழகாகத் தெரியும் என்று நினைப்போம். குழந்தை கையைத் தூக்கினதும் உண்மை தெரிந்துவிடும். இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் பிள்ளைக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையை விரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

36 அங்குல அகலத் துணியில் அரை மீட்டர் தாராளம். லைனிங்கும் அதே அளவுதான்.

சரி, சேலைக்கு வருவோம். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தீர்களா? செட்டிநாட்டு வீடுகளில் போடாமல் இருக்கமாட்டார்கள். அதில் உள்ள நாப்தலீன் கைக்குழந்தைக்கு ஆகாது. ஜி6பிடி என்ற என்சைம் குறைவோடு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வாசனை ஏறிய துணியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலை வரை கொண்டுவிடும். குறைவு இருப்பது பரிசோதிக்காமல் தெரியாது. அதனால் சேலையை வளவில் (வீட்டு முற்றத்தில்) நிழலாகப் பல நாள் காற்றாடப் போட்டு, துவைத்து, மறுபடி காயவைத்து, முகர்ந்தால் துளி வாசனையும் இல்லை என்ற பிறகு வெட்டுங்கள். பிள்ளையை அந்தப் பெட்டிப் பக்கமும் விடாதீர்கள்.

கண்டாங்கி தடித்த நூல், கஞ்சி ஏறிய துணி. துவைத்தால் சுருங்கும், மெதுவாகும். எப்படியும் துவைத்த பிறகே வெட்ட வேண்டியது. சாயம் போனால் உப்புத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள். அதை நம்பி நிறுத்திவிடாமல், தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுங்கள். எப்படியும் இவன் கழுத்து விளிம்பை வாயில் வைத்துச் சப்பப் போகிறான்.

அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குதிகால் உரசிய கீழ்க்கரை, செருகிச் செருகித் தேய்ந்த இடுப்புப் பகுதி இதெல்லாம் நைந்திருக்கும். கெட்டியான இடத்தில் வெட்டுங்கள்.

கண்டாங்கியின் அழகே கட்டமும் அகலக் கரையும்தான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. கட்டம் கோணினால் கோடிக்கணக்கில் செலவழித்தாலும் கண்ணுக்குத் தப்பாது. துணியை இரட்டையாக மடித்து வெட்டாதீர்கள், ஒவ்வொரு துண்டாக வெட்டுங்கள். முதலில் வலது முன்பக்கம். பட்டன் வருகிற நடுக்கோடு ஒரு கட்டத்தின் நட்டநடுவில் அமையட்டும்; அதற்கு வெளியே ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேலேறுவதற்கு அரை அங்குலம், தையலுக்குக் கொஞ்சம். வெட்டிய துண்டைக் கவிழ்த்து, மீதித் துணியின் மேல் கட்டத்தோடு கட்டம் பொருத்தி வைத்து இடது பக்கத்தை வெட்டுங்கள். முதுகுத் துண்டுக்கு, அக்குளுக்குக் கீழே பக்கத் தையலில் குறுக்குக் கோடுகள் சந்திக்கிற மாதிரி வைத்தால் போதும். தோளில் சந்திக்காது, அதை விட்டுவிடுங்கள். கரையை வீணாக்காமல் பொய்ப் பாக்கெட் பட்டையாக வையுங்கள். முன்பக்கம் முழுக்கக் கரை ஓட்டலாம் என்று தோன்றும். இவ்வளவு சின்ன உடம்பில் அது கோயில் யானை முகபடாம் போல ஆகிவிடும்.

லைனிங்குக்குக் கடைக்கே போகவேண்டாம். ஐயாவின் (தாத்தாவின்) பழைய வேஷ்டி இருக்குமே, வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்து வெண்ணெயாகிப் போனது, அதைவிடக் குழந்தைத் தோலுக்கு இதமான துணி இல்லை. சாட்டின் பளபளக்கும், ஆனால் காரைக்குடி வெயிலில் புழுங்கும். விறைப்புக்காக உள்ளே வைக்கிற பக்ரம் துணியும் வேண்டாம். என் தங்கை மகனுக்கு முதன்முதலில் தைத்த கோட்டில் விறைப்பாக நிற்கட்டும் என்று பக்ரம் வைத்தேன். ஒரு போட்டோ எடுப்பதற்குள் கத்தித் தீர்த்துவிட்டான். பட்டன் ஓரத்துக்கு மட்டும் மெல்லிய பேப்பர் கேன்வாஸ் போதும்.

தைக்கும் முறை: வெளித்துணியில் தோள்களை இணையுங்கள், லைனிங்கிலும் தனியாக இணையுங்கள். இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முன் ஓரம், கழுத்து, இரண்டு கைக்குழி, கீழ் விளிம்பு எல்லாவற்றையும் தைத்துவிடுங்கள். பக்கத் தையலை மட்டும் தொடாதீர்கள். வளைவுகளில் கத்தரி நுனியால் சின்னச் சின்னக் கீறல். பிறகு முன்துண்டுகளைத் தோள் வழியாக முதுகுப் பக்கம் நுழைத்து, அங்கே திறந்திருக்கும் பக்கவாட்டில் வெளியே இழுத்தால் கோட் அப்படியே புரண்டு வந்துவிடும். கடைசியில் பக்கங்களை, வெளித்துணியோடு வெளித்துணி, லைனிங்கோடு லைனிங் என்று சுற்றித் தைத்து, லைனிங்கில் 2 அங்குலம் திறப்பு விட்டுக் கையால் மூடுங்கள். உள்ளே ஒரு பிசிறு உரசாது, ஓவர்லாக்கும் தேவையில்லை.

பட்டன் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி, நிஜப் பட்டனே வேண்டாம். பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். டிச் பட்டன்கூட நூல் தளர்ந்தால் ஆபத்துதான். உள்ளே அரை அங்குல வெல்க்ரோ வைத்து விளிம்போடு அழுத்தித் தையுங்கள், மெத்தென்ற பாகம் பிள்ளை பக்கம் இருக்கட்டும். வெளியே பட்டன் மாதிரி தெரிய வட்டமாக எம்பிராய்டரி போடுங்கள். போ டை வேண்டுமானால் சட்டைக் காலரிலேயே தைத்துவிடுங்கள். கழுத்தைச் சுற்றி எலாஸ்டிக் வேண்டாம். காரில் தூங்கிவிட்டான் என்றால் கோட்டைக் கழற்றிவிடுங்கள்.

வேஷ்டிக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிடலாம், வயிற்று அளவில் ஒன்றரை அங்குலம் குறைத்து.

இன்னொன்று, பக்கத் தையலில் முக்கால் அங்குலம் துணி உள்ளே விட்டுவையுங்கள். அடுத்த விசேஷத்துக்குள் அவன் வயிறு வளர்ந்திருந்தால் அந்தத் தையலை மட்டும் பிரித்து விரித்துக்கொள்ளலாம்.