மூன்று முறை போச்சு, நாலாவது முறை கட்டாயம் கிடைக்குமா?

அம்மா, நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கேயே முழுசாகப் பதில் சொல்ல மனசு வரவில்லை, உங்கள் மகன், அந்தத் தம்பி, பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். 2022, 2024, 2025 என்று அரசு வேலைக்கான மூன்று டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வும் எழுதி மூன்றும் போய்விட்டது, "மூணு தடவை போனதுக்கு நாலாவது தடவை கட்டாயம் வந்துடும்ல சார்?" என்று கேட்டீர்கள்.

வராது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் மூன்று தடவை போன காரணத்தால் வரும் என்பது தப்பு. ஒரு ரூபாய் காசைச் சுண்டிப் பாருங்கள், வரிசையாக மூன்று தடவை பூ விழுந்தால் அடுத்தது தலைதான் என்று மனசு அடித்துச் சொல்லும், காசுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது, நாலாவது தடவையும் பாதிக்குப் பாதிதான். விடைத்தாளுக்கும் போன வருடத்துக் கண்ணீர் தெரியாது. போதாததற்கு தேர்வு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருவதுமில்லை. முதல் அறிவிப்பில் இருந்த இடங்களை மட்டும் பாருங்கள்: 2022-ல் 7,301, 2024-ல் 6,244, 2025-ல் 3,935. அப்புறம் கூட்டினார்கள், சரி, ஆனாலும் நாம் எண்ணிக்கொண்டிருக்கும் "நாலாவது தடவை" என்பது தேர்வாணையத்தின் கணக்கிலேயே இல்லை.

தம்பியின் அப்பா சொன்னது இதற்கு நேர் எதிர். 2025-ல் பதினோரு லட்சத்துக்கு மேல் எழுதினார்கள், முதலில் அறிவித்த இடங்களைப் பார்த்தால் கிட்டத்தட்ட 290 பேருக்கு ஒரு இடம், இது லாட்டரி, விட்டுவிடு என்கிறார். லாட்டரியில் எல்லாச் சீட்டும் ஒன்று, இங்கே அப்படி இல்லை. சும்மா எழுதிப் பார்ப்போம் என்று வந்தவர்களும் அந்தப் பதினோரு லட்சத்தில்தான் இருக்கிறார்கள், தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி நூறு கேள்வியைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். இனவாரி ஒதுக்கீடு, பெண்களுக்கானது, தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம் என்று கட் ஆஃப் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் 290-ல் ஒன்று என்பது அந்தக் கூட்டத்தின் கணக்கு, தம்பியின் கணக்கு இல்லை.

தம்பியின் கணக்கு அவர் காட்டிய அந்த நீல அட்டை நோட்டில் இருக்கிறது. டெஸ்ட் பேட்ச் மாதிரித் தேர்வுகளில் 200 கேள்விக்கு எத்தனை சரி என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்: 138, 143, 136, 141. எட்டு மாதமாக அதே இடத்தில் நிற்கிறது. நடுவில் ஒருநாள் மட்டும் 152, அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். அந்த 152 தான் தன் உண்மையான அளவு என்று நம்புகிறார், எனக்கு அங்கேதான் மனசு கனத்தது, ஏனென்றால் அடுத்த டெஸ்டில் மறுபடி 139.

தெரியாத நாற்பது கேள்விக்கும் "சி" போட்டுவிடுவாராம். குரூப் 4-ல் தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, அதனால் போடட்டும், ஆனால் சி போட்டாலும் மாற்றி மாற்றிப் போட்டாலும் நாலில் ஒன்றுதான், நாற்பதில் சுமாராகப் பத்து சரியாகும். சில நாள் பதினைந்தும் விழும், அந்த 152-ல் ஒரு பகுதி அப்படி வந்ததாக இருக்கலாம். இந்தப் பத்து பக்கத்து பெஞ்சுக்காரருக்கும் கிடைக்கும், அதனால் தம்பி யாரையும் முந்தப் போவதில்லை. நாலு விடையில் இரண்டு நிச்சயமாக இல்லை என்று தள்ளத் தெரிந்தால் அதே நாற்பதில் இருபது, பத்து கேள்வி கூடுதல், கேள்விக்கு ஒன்றரை மார்க் என்பதால் 15 மார்க் கூடுதல். உழைப்பு போக வேண்டிய இடம் அதுதான்.

(நீட் எழுதப்போகும் தங்கை தெரியாததைத் தொடவே பயப்படுகிறாள் என்றீர்கள். அங்கே சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. இரண்டு விடையைத் தள்ள முடிந்தால் இரண்டு கேள்விக்கு ஒன்று சரி, ஒன்று தப்பு, சராசரியாக 3 மார்க் மிச்சம். பயப்படாமல் போடச் சொல்லுங்கள்.)

அப்புறம், ரயில்வே, போலீஸ், பேங்க் என்று அஞ்சு தேர்வு எழுதினால் ஒன்றாவது மாட்டும் என்பது. ஒவ்வொன்றிலும் பத்து சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஐம்பது ஆகாது, 41 தான் வரும், அதுவும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இருந்தால். தம்பிக்குக் கணக்கு வரவில்லை, அந்தக் கணக்கு அஞ்சிலும் இருக்கிறது, கவிழ்த்தால் சேர்த்துத்தான் கவிழ்க்கும். ஒன்றைக் குறைத்துக்கொண்டு அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுக்கட்டும்.

அடுத்த நாலு டெஸ்டுக்கு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: தெரிந்து போட்டது, இரண்டில் ஒன்று, குருட்டடி. அதோடு வாருங்கள், முதல் கட்டம் நகர்ந்திருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம், நகராவிட்டால் வேறு வேலைக்கான பேச்சையும் அன்றைக்கே எடுப்போம். ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறதா என்றும் விசாரித்து வையுங்கள், குரூப் 4-லேயே வரும் தட்டச்சர் பதவிக்கு அந்தச் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டும்தான் போட்டி போட முடியும், கூட்டம் அங்கே சின்னது.