நாரி வலிக்காரருக்கு எது நல்லது: குதிரையா, கோவேறு கழுதையா?

வணக்கம். மகளைப் பார்க்க அமெரிக்கா போகும்போது மலைப்பாதைச் சவாரிக்கு ஆசை, ஆனால் நாரி வலி இருக்கிறது, டென்னசி வாக்கர் குதிரையில் ஏறவா கோவேறு கழுதையில் ஏறவா என்று கேட்டிருந்தீர்கள்.

நாரியை மட்டும் பார்த்தால் வாக்கர்தான். மற்றக் குதிரைகள் துள்ளுநடை போடும்போது எதிரெதிர் மூலைக் கால்கள் சோடியாக எழும்பி விழும். ஏறியிருப்பவரைக் குலுக்கி எடுப்பது அதுதான். வாக்கர் நான்கு கால்களையும் தனித்தனியாக ஊன்றி வேகமாக நடக்கும். தென் மாநிலத் தோட்டங்களை நாள் முழுக்கச் சேணத்திலிருந்து மேற்பார்த்தவர்களுக்காக உருவான இனம் அது. இன்று அழிந்துபோன நரகான்செட் பேசர் என்ற குதிரை இனத்தின் இரத்தமும் அதில் உண்டு. 1886இல் பிறந்த பிளாக் ஆலன் என்ற குதிரையைத்தான் இனத்தின் மூலத்தந்தையாகக் கொள்கிறார்கள்.

கோவேறு கழுதையை மன்னாரில் திரியும் கழுதையோடு சேர்த்துக் குழம்ப வேண்டாம். அதற்கு அப்பன் கழுதை, தாய் குதிரை. 1785இல் ஸ்பெயின் மன்னர் அனுப்பிய ஆண் கழுதையை வைத்து ஜார்ஜ் வாஷிங்டனே இவற்றை வளர்த்தார்! கல்லும் சரிவுமான பாதையில் நிதானமாகக் கால் வைக்கும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஆட்களைச் சுமப்பதும் இவைதான். நடை பெரும்பாலும் தாயைப் பொறுத்தது. தாய் வாக்கர் இனமா என்று கேளுங்கள். ஆம் என்றால், அதன் நடையும் குலுக்காததா என்று பார்த்துவிட்டு ஏறலாம்.

அதற்கு முன் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். அப்புறம், நுவரெலியா வாவிக்கரையில் மட்டக்குதிரையில் கொஞ்சநேரம் இருந்து பாருங்கள், நாரி தாங்குமா என்று ஓரளவு தெரிந்துவிடும்.