கையில் காசில்லாமல் எடுக்கப்படும் பேய்ப் படங்கள், மாயாஜாலப் படங்கள் மேல் சிலருக்கு ஏன் இவ்வளவு பைத்தியம்?

நானும் அந்தப் பைத்தியங்களில் ஒருவன் என்பதால் சொல்கிறேன். கல்லூரி முடித்த கையோடு நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து 12 நிமிடப் பேய்க் குறும்படம் ஒன்று எடுத்தோம். செலவில் பாதி பரோட்டாவுக்கே போனது.

காதல் கதை எடுக்கப் போகிறேன் என்றால் முதலில் வரும் கேள்வி, "யாரு ஹீரோ?" பேய்ப் படம் என்றால் யாரும் கேட்பதில்லை. பேயிடம் கால்ஷீட் வாங்க வேண்டாம். அப்புறம் இந்த இருட்டு. குடும்பப் படத்தில் முகம் தெரியாவிட்டால் ஒளிப்பதிவாளரைத் திட்டுவார்கள். பேய்ப் படத்தில் அதே இருட்டைப் பார்த்துவிட்டு, மூலையில் எதுவோ நிற்கிறது என்று பார்ப்பவர்களே முடிவுகட்டிக்கொள்வார்கள்.

நான் எல்லோரிடமும் சொல்லும் உதாரணம் 'தி ஈவில் டெட்'. பின்னாளில் ஸ்பைடர்மேன் படங்களை எடுத்த சாம் ரெய்மிதான் இயக்குநர். 1979 கடைசியில் படப்பிடிப்பு தொடங்கியபோது அவருக்கு வயது 20. அதற்கு முந்தைய வருடம் சுமார் 1,600 டாலரில் ஒரு குறும்படம் எடுத்து, அதைப் போட்டுக் காட்டித்தான் பணம் திரட்டினார்கள். பிறகு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் காட்டுக்குள் ஒரு பாழடைந்த மரவீட்டைப் பிடித்தார்கள். படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மரங்களுக்கு நடுவே தரையை ஒட்டிப் பாய்ந்து வரும். ஓடினாலும் காமிரா குலுங்காமல் தாங்கும் ஸ்டெடிகேம் கருவியை வாடகைக்கு எடுக்க வசதியில்லை. காமிராவை ஒரு பலகையில் பொருத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள், அவ்வளவுதான். அந்தக் குலுங்கலே பேயாகிவிட்டது. மேக்கப் செலவும் மிச்சம்!

நாங்களும் அதையே செய்தோம். பலகைக்குப் பதில் பாட்டி வீட்டு மூங்கில் ஏணி. நடுப்படியில் போனைக் கட்டிக்கொண்டு தென்னந்தோப்பில் ஓடினோம். மூன்றாவது டேக்கில் முன்னால் ஓடியவன் வாய்க்காலில் விழுந்தான். விழுந்தது நன்றாக வந்திருந்ததால் அதையே வைத்துக்கொண்டோம். எலும்பு முறியும் சத்தத்துக்கு முருங்கைக்காய். வாடியது சரிப்படாது, அன்று பறித்ததாக இருக்க வேண்டும். ஈரத்துணியில் சுற்றி, மைக் பக்கத்தில் வைத்து 'மொடக்'. மிச்சம் சாம்பாருக்குப் போனது.

மாயாஜாலப் படம் இதைவிடக் கஷ்டம். பேயை இருட்டில் ஒளித்துவைக்கலாம், ராஜாவின் படையை எங்கே ஒளிப்பது? 1975-இல் வந்த 'மான்டி பைதான் அண்ட் த ஹோலி கிரெயில்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்துக்குப் பணம் போட்டவர்களில் பிங்க் ஃபிளாய்ட், லெட் செப்ளின் என்ற ராக் இசைக்குழுக்களும் உண்டு. அப்படியும் குதிரைகளுக்குக் காசு போதவில்லை. ஆர்தர் ராஜா குதிரையில் வருவதுபோல் குதித்துக் குதித்து வருவார், பின்னால் ஒரு சேவகன் கொட்டாங்குச்சி இரண்டை டொக் டொக் என்று தட்டிக்கொண்டே வருவான். கோட்டைக் காவலன் ராஜாவை மதிக்காமல், இந்த ஊரில் உனக்குத் தேங்காய் எப்படிக் கிடைத்தது என்று சண்டைக்கு வருவான். பொய்க்கால் குதிரை பார்த்து வளர்ந்த நமக்கு இந்த விளையாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

காசில்லாமல் எடுத்தாலே நல்ல படம் என்று சொல்லவில்லை. பாதிப் படங்களில் கதவு கிறீச்சிடும், பூனை குதிக்கும், படம் முடிந்துவிடும். எங்கள் படத்திலும் ஒரு பூனை உண்டு, அதற்கு மன்னிப்பு.

சரி, ரத்தம். ஈவில் டெட்டில் ரத்தம் என்பது கார்ன் சிரப். நாங்கள் சர்க்கரைப் பாகில் சிவப்புக் கலர் கலந்தோம். அவர்கள் எடுத்தது டென்னசிக் குளிரில், நாங்கள் எடுத்தது சித்திரை மாதத்தில். பிணமாகப் படுத்திருந்த நண்பனின் கையை எறும்பு மொய்த்துவிட்டது. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். ஆனால் சுண்டுவிரல் மட்டும் இரண்டு முறை துடித்ததை எடிட்டிங்கில்தான் பார்த்தோம். திரும்ப எடுக்க யாருக்கும் தெம்பில்லை, விட்டுவிட்டோம்.

மொட்டைமாடியில் வேட்டி கட்டித் திரையிட்ட அன்று, பக்கத்து வீட்டு அக்கா சரியாக அந்த இடத்தில்தான் வீலென்று கத்தினார். முடிந்ததும் வந்து, "அந்த விரலை எப்படித் தம்பி யோசிச்சீங்க?" என்றார். "ரொம்ப நாள் யோசிச்சோம்க்கா" என்றேன். எறும்பைப் பற்றி இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.