ஒன்பது மாதத்தில் இடக்கைப் பழக்கமா?

கேள்வி: டாக்டர், என் மகன் 32 வாரத்திலேயே பிறந்தவன். இப்போது 9 மாதம். எதைக் கொடுத்தாலும் இடக்கையால்தான் வாங்குகிறான், வலக்கை எப்போதும் மூடியே இருக்கிறது. "அவன் அப்பனும் இடக்கையன்தான், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை" என்கிறார் மாமியார். மூளைச் சேதத்தால் கைகால் அசைவு கெடும் மூளை முடக்குவாதமோ (செரிபிரல் பால்சி) என்று எனக்குப் பயம். எலும்பு டாக்டரிடம் காட்டுவதா, நரம்பு டாக்டரிடமா? ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?
- வாசகி, கருங்கல்

பதில்: மாமியாரோடு சண்டை வேண்டாம், ஆனால் அவர் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்துவிடவும் வேண்டாம். முதல் பிறந்தநாள் வரைக்குமாவது பிள்ளைகள் இரண்டு கையையும்தான் நீட்டும். அதற்குள் ஒரு கையையே நம்பினால், மற்ற கைக்கு என்ன ஆச்சு என்று பார்த்தே ஆக வேண்டும். 8 வாரம் முந்திப் பிறந்ததால் அவனை 7 மாதப் பிள்ளையாகத்தான் கணக்கு வைக்க வேண்டும், சரி, இன்னும் உட்காரவில்லை என்றால் அந்தச் சலுகை உண்டு, மூடிய கைக்குக் கிடையாது.

மல்லாக்கப் படுக்க வைத்து முகத்தில் மெல்லிய கைக்குட்டை ஒன்றைப் போடுங்கள். இடக்கையால் இழுத்துவிடுவான். அடுத்த முறை இடக்கையை நீங்கள் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள், வலக்கை வருகிறதா? வராமல் முகத்தைத் திருப்பித் திணறினால் உடனே எடுத்துவிட்டு, அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் முதலில் காட்டுங்கள். அங்கே எழுதிக் கொடுத்தால், களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனைக்கும் போகலாம். என்ன நோய் என்று சொல்ல வேண்டியவர் குழந்தை நரம்பியல் நிபுணர்தான். கையைப் பிடித்துத் தூக்கித் தலை பின்னால் தொங்குகிறதா, கணுக்காலைச் சட்டென்று மடக்கினால் எங்கே இறுக்கம் தடுக்கிறது, கக்கத்தில் பிடித்து நிறுத்தினால் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னுகின்றனவா என்றெல்லாம் பார்ப்பார். கற்றுக்கொண்டதைப் பிள்ளை மறக்கிறதா என்று கட்டாயம் கேட்பார், ஏனென்றால் மூளை முடக்குவாதத்தில் மூளையின் சேதம் கூடிக்கொண்டே போகாது, மறதி இருந்தால் தேட வேண்டியது வேறு நோயை.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும், தீர்ப்பு அதனிடம் இல்லை. முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பத்தில் ஒன்றுக்காவது படம் சுத்தமாகவே இருக்கும். 'ஸ்கேன் நார்மல்' என்ற ஒரே வரியை நம்பி ஒரு வருஷத்தை விட்டுவிட்டு வரும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எலும்பு டாக்டர் பின்னால் வருவார், இடுப்பு மூட்டு விலகாமல் பார்க்க. குறைமாதப் பிள்ளை என்பதால் கண், காது இரண்டையும் இப்போதே காட்டிவிடுங்கள்.

அப்புறம், நோய்க்குப் பெயர் வரும்வரை பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள், சந்தேகம் வந்தாலே தொடங்கலாம். நம் ஊரில் அடுத்த யோசனை ஆசானிடம், அதாவது வர்ம வைத்தியரிடம், உருவுவதுதான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை வேண்டாம் என்று சொல்லவில்லை, இறுகிய கையை இழுத்து நீட்ட மட்டும் விடாதீர்கள்.

போகும்போது பிரசவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டும், பிள்ளை வீட்டில் விளையாடும் வீடியோவும் கையில் இருக்கட்டும். அங்கே போனதும் வீறிட்டு அழுவான், அழுகிற பிள்ளை எல்லாமே கையைக் காலை விறைத்துக்கொண்டுதான் இருக்கும்.