கையெழுத்திடும் முன் ஜோ ஷூஸ்டரின் கதையைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 24. சித்திரக்கதை வரைகிறேன். நான் உருவாக்கிய சாகச நாயகனை ஒரு நிறுவனம் கேட்கிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் தருவார்கள். நாயகன் மீதான முழு உரிமையும் அவர்களுக்குப் போய்விடும். சூப்பர்மேனை வரைந்தவர் 130 டாலருக்கு விற்று ஏமாந்தார் என்று நண்பன் எச்சரிக்கிறான். வந்த வாய்ப்பை விடாதே என்கிறார் அப்பா. நான் என்ன செய்வது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: உங்கள் நண்பர் சொன்ன தொகை சரிதான். ஆனால் அது பாதிக் கதை. மீதியைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சூப்பர்மேனை வரைந்த ஜோ ஷூஸ்டர் 1914-இல் கனடாவின் டொராண்டோவில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்த பிறகு, பள்ளியில் ஜெர்ரி சீகல் அவருக்கு நண்பரானார். சீகல் கதை எழுதினார். ஷூஸ்டர் படம் வரைந்தார். வரைபலகை வாங்க வசதியில்லாததால், அம்மா ரொட்டிக்கு மாவு பிசையும் பலகையையே எடுத்துக்கொள்வார். யூதர்களின் ஓய்வுநாளுக்காக வெள்ளிக்கிழமைதோறும் ரொட்டி சுட அம்மாவுக்கு அது தேவைப்பட்டதால், அன்று மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தாளுக்கும் காசில்லை, பொட்டலம் கட்டும் தாளிலும் சுவர்த்தாளின் பின்பக்கத்திலும் வரைந்தார். குளிர்காலத்தில் கணப்பு இல்லாத வீட்டில் கையுறை மாட்டிக்கொண்டு வரைந்திருக்கிறார். பார்வையும் சிறுவயது முதலே மங்கல்.

பல ஆண்டுகள் எல்லாரும் திருப்பியனுப்பிய சூப்பர்மேனை 1938-இல் ஒரு பதிப்பகம் ஏற்றது. 13 பக்கங்கள், பக்கத்துக்கு 10 டாலர், ஆக 130 டாலர். வேறு வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டாலருக்கு வந்த காசோலையில் இருவர் பெயருமே பிழையாக எழுதப்பட்டிருந்தன. அதனோடு அவர்கள் ஒப்பமிட்ட தாளில், கதாபாத்திரத்தின் உரிமை என்றென்றைக்கும் பதிப்பகத்துக்கே என்று இருந்தது. (அந்தக் காசோலையை 2012-இல் ஒருவர் 1,60,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்.)

உங்கள் நண்பர் விட்டுவிட்ட பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஷூஸ்டர் உடனே வறுமையில் விழுந்துவிடவில்லை. இதழ்களோடு 1939 முதல் நாளிதழ்த் தொடரும் சேர்ந்துகொள்ள, கிளீவ்லாந்தில் உதவியாளர்களை வைத்துத் தனி ஓவியக்கூடமே நடத்தினார். நல்ல வருமானம் வந்தது. ஆனால் அந்த வருமானம் முழுவதும் பதிப்பகம் வேலை கொடுக்கும் வரைதான். பார்வை குறையக் குறைய உதவியாளர்களின் கையே அதிகம் வரைந்தது. உரிமை கேட்டு 1947-இல் இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு ஏறத்தாழ 94,000 டாலரோடு சமரசம் ஆனது. சூப்பர்மேன் பதிப்பகத்திடமே நின்றான், படைத்தவர்களின் பெயர்களோ பக்கங்களிலிருந்து நீக்கப்பட்டன. என்னை மிகவும் வருத்துவது பணத்தைவிட இந்தப் பெயர் நீக்கம்தான்.

1970-களில் ஷூஸ்டர் ஏறக்குறையப் பார்வையிழந்து, நியூயார்க்கில் தம்பியோடு வாழ்ந்தார். சூப்பர்மேன் திரைப்படம் தயாராகிறது என்று தெரிந்து சீகல் பத்திரிகைகளுக்கு எழுத, நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் ஆகிய ஓவியர்கள் அவர்களுக்காக ஓயாமல் போராடினார்கள். 1975-இல் சூப்பர்மேனின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் தரவும், பெயர்களை மீண்டும் அச்சிடவும் ஒப்புக்கொண்டது. சட்டம் அதற்கு வற்புறுத்தவில்லை. ஊரார் பார்வைக்கு அஞ்சித்தான் தந்தார்கள். ஷூஸ்டர் 1992-இல் காலமானார்.

இனி உங்கள் விஷயம். உங்கள் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குப் பணம் வேண்டும். ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளுங்கள், நாயகனைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கென்று புதிய ஒருவனை உருவாக்கிப் பக்கக்கூலிக்கு வரைந்து தருவதாகச் சொல்லுங்கள். உங்கள் நாயகனேதான் வேண்டும் என்றால், குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு, குறிப்பிட்ட மொழிகளில் வெளியிட மட்டும் அனுமதி கொடுங்கள். படமாகவோ பொம்மையாகவோ ஆனால் தனிப்பங்கு, ஒவ்வொரு இதழிலும் உங்கள் பெயர், மூல ஓவியங்கள் உங்களிடமே திரும்புவது ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் (1957) 19-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கே செல்லும். இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. ஆனால் 'உலகம் முழுதும், என்றென்றைக்கும்' என்று எழுதிய தாளில் நீங்கள் ஒப்பமிட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உதவாது. அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். மாதச் சம்பளத்தில் சேரச் சொன்னாலும் கவனம் வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின் பகுதியாக வரைவது முதலாளிக்கே சொந்தமாகும். அதனால் சேருவதற்கு முன்பே நாயகன் உங்களுடையவன் என்பதைத் தேதியோடு பதிவுசெய்து வையுங்கள். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, அதன் பிறகே பேனாவை எடுங்கள்.