ஆயுசுக்கும் மாத்திரையா? முதலில் அமிலத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: வீரவநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வயது 44. நெஞ்சு கரிப்புக்காக 2 வருஷமாக அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் 40 மாத்திரை போடுகிறேன். நிறுத்தினால் நாலாம் நாளே கரிக்கிறது. மாத்திரையோடு இருக்கும்போதே எடுத்த எண்டோஸ்கோபியில் ‘லேசான கேஸ்ட்ரைட்டிஸ்’ (இரைப்பை அழற்சி) என்று மட்டும் வந்தது. இனி ஆயுசுக்கும் போட வேண்டியதுதான் என்கிறார்கள். இது அமில நோய்தான் என்று உறுதிப்படுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. ஆயுசுக்கும் என்ற பேச்சுக்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும்.

நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் மட்டும் இருந்தால் 8 வாரம் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது சரியான தொடக்கம். பிறகு நிறுத்திப் பார்க்க வேண்டும். திரும்பி வந்தால் சோதனை. ஆனால் அந்த 8 வாரச் சீட்டையே மெடிக்கலில் நீட்டி வருஷக்கணக்காக வாங்குபவர்கள் நம் பக்கம் ஏராளம். எனக்கு இது உண்மையிலேயே கவலை தருகிறது.

நிறுத்தினால் கரிப்பதே நோய்க்கு அத்தாட்சி ஆகாது. 2009-ல் டென்மார்க்கில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு 8 வாரம் இதே வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது; வெற்று மாத்திரை போட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். அடக்கி வைத்த வயிறு, விட்டதும் கொஞ்ச நாள் கூடுதலாகச் சுரக்கும்.

உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பையின் சங்கதி. பார்க்க வேண்டியது உணவுக்குழாய் பற்றிய வரியை. அங்கே ‘லாஸ் ஏஞ்சலஸ் கிரேடு’ (உணவுக்குழாய்ப் புண்ணின் அளவைச் சொல்லும் தரம்) பி, சி, டி என்றோ, பயாப்சியில் உறுதியான பேரட்ஸ் (உணவுக்குழாயின் உட்சவ்வு மாறிப்போவது) என்றோ இருந்தால் நோய் நிச்சயம். கிரேடு ஏ மட்டும் போதாது. மாத்திரை போட்டபடி எடுத்தால் புண் ஆறிப்போய் எதுவும் தெரியாமலே போகலாம். 2 முதல் 4 வாரம் நிறுத்திவிட்டு எடுப்பதே முறை.

அதிலும் ஒன்றும் இல்லையென்றால், உணவுக்குழாயில் ஏறும் அமிலத்தை 24 மணி நேரம் அளக்கும் பிஹெச் சோதனை. இதற்கு 7 நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். மூக்கில் மரத்துப்போகும் ஜெல் தடவி மெல்லிய குழாய் ஒன்றை விடுவார்கள். அதன் சென்சார் உணவுக்குழாயின் கீழ்வால்வுக்கு 5 செ.மீ. மேலே நிற்கும். மறுமுனை இடுப்பில் தொங்கும் சின்னப் பெட்டியில். கரிக்கும்போது பட்டனை அமுக்கணும். சாப்பிட்ட நேரம், படுத்த நேரம் எழுதி வைக்கணும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: பயந்துபோய் அன்றைக்கு மட்டும் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வழக்கம்போல் புளிக்குழம்போ புரோட்டாவோ சாப்பிடுங்கள், கடையைத் திறந்து வேலையைப் பாருங்கள். உங்கள் சாதாரண நாளைத்தான் அளக்க வேண்டும்.

பிஹெச் 4-க்குக் கீழே (பிஹெச் குறையக் குறைய அமிலம் அதிகம்) இருந்த நேரம் மொத்தத்தில் 6 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது நாளில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அமில நோய் உறுதி. அந்த நேரம் 4 சதவீதத்துக்குக் குறைந்தால் இயல்பு. நடுவில் வந்தால் மற்ற விவரங்களையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வார்கள். குழாய் இல்லாமல் உணவுக்குழாயில் ஒட்டும் கேப்ஸ்யூல் 96 மணி நேரம் வரை அளக்கும். தானே கழன்று மலத்தில் போய்விடும். செலவு கூடுதல். எண்டோஸ்கோபி பாளையங்கோட்டையிலேயே ஆகிவிடும். பிஹெச் சோதனைக்கு மதுரையோ திருவனந்தபுரமோ போக வேண்டி வரலாம், குடல் இரைப்பை மருத்துவரிடம் கேளுங்கள்.

இதய ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் காப்பதற்கும் இதே மாத்திரை. விழுங்கும்போது அடைப்பு, எடை குறைவு, ரத்தசோகை, கறுத்த மலம் இருந்தால் 8 வாரமெல்லாம் காத்திருக்காமல் உடனே எண்டோஸ்கோபி. நடந்தால் நெஞ்சு இறுகினால் முதலில் இதயத்தைப் பாருங்கள்.

அளவு இயல்பாக வந்தால் மாத்திரையை விட்டுவிடலாம். அப்போதும் எரிச்சல் பொய்யில்லை. உணவுக்குழாயின் நரம்புகள் அதிகமாக உணர்வதாலும் எரியும். அதற்கு மருந்து வேறு, மூச்சுப் பயிற்சியும் உண்டு.